கண்ட்ரோல் பூ

விய வருஷம், தை 2

எனக்கு மறதி கிடையாது. மறதி மற்றவர்களுக்குத்தான். அவர்களுக்காக எழுதுகிறேன்.

பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். நாலாம் வகுப்புக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்னவர் என் பெரிய மாமா சங்கரலிங்கம். அவர் செத்து முப்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் பெயர் இருக்கட்டும்.

இந்த டைரி ஒரு தைலக் கம்பெனியுடையது. பேத்தி உலகுவின் மாப்பிள்ளை தீபாவளிக்கு வந்தபோது கொடுத்தான். "சும்மா இருக்கையில சிவசிவன்னு எழுதுங்க ஆச்சி" என்றான். மூன்று பக்கம் சிவசிவ எழுதினேன். இது நாலாம் பக்கம்.

இன்று கடையத்திலிருந்து கார்டு வந்தது. எழுத்து மாப்பிள்ளையுடையது, பேச்சு அவன் அம்மா முத்தம்மாளுடையது. உலகுவுக்கு மாசி நடுவில் ஆகுமாம். தலைப்பிரசவம். தை முடிவதற்குள் பிறந்த வீட்டிலிருந்து முறைப்படி வந்து அழைத்துப் போக வேண்டும். வரத் தோதில்லை என்றால் "இங்கேயே ஆகட்டும்" என்று எழுதியிருக்கிறது.

உலகுவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்திதான். அவள் அம்மா, என் மகள் பகவதி, இவளைப் பெற்ற அன்றே போய்விட்டாள்.

நான் போக வேண்டும். உடுத்திப் போகத்தான் துணியில்லை. இருந்தது இரண்டு வெள்ளைச் சேலை. ஒன்று கார்த்திகையிலேயே கைப்பிடித் துணியாகிவிட்டது. இன்னொன்று நேற்றுப் பொங்கல் பானையை இறக்கும்போது இடுப்பிலிருந்து முழங்கால் வரை கிழிந்தது. தைத்தேன். ஊசி போன வழியே மறுபடி கிழிகிறது. நூலுக்கு இருக்கிற பலம் துணிக்கு இல்லை.

தை 4

கிழிசலின் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு நெசவாளர் தெருவுக்குப் போனேன். பதினெட்டுத் தறியும் சும்மா நிற்கின்றன. தறிக்குழியில் கோழி முட்டையிட்டிருக்கிறது.

"நூலுக்குப் பர்மிட் வரல ஆச்சி" என்றாள் பாவோடுகிற அம்மாள். "வந்தாலும் நெய்யிறதச் சொசைட்டிக்குத்தான் போடணும். ஒங்களுக்கு ஒரு முழம் குடுத்தேன்னு வைங்க, எங்க வீட்டு ஆம்பளையப் பிடிச்சு உள்ள போட்டிருவான்."

சண்டை முடிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். ஜப்பான்காரன் தோற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. அவனுக்கு என் சேலை மேல் என்ன கோபம் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. சர்க்காரில் யாரோ ஒருவன் ஒரு கையெழுத்துப் போட்டால் ஜில்லா முழுக்கத் தறி நிற்கிறது. இன்னொரு கையெழுத்துப் போட்டால் ஓடுகிறது. காற்றையும் மழையையும் கையில் வைத்திருக்கிறவனுக்கு மட்டும்தான் இப்படி முடியும் என்று நினைத்திருந்தேன்.

தை 5

வடிவு வீட்டுப் பக்கம் கிணற்று உருளை விடிவதற்கு முன்னால் சத்தம் போடுகிறது. பகலெல்லாம் சத்தமே இல்லை. எனக்கென்ன.

தை 6

வடிவு யார் என்று எழுதாமல் விட்டேன். அவள் என் ஓரகத்தி, என் புருஷனுடைய அண்ணன் மனைவி. ஒரே வீடு, நடுவில் சுவர். கிணறு மட்டும் பொது. நாலு வருஷத்துக்கு முன் அவளும் தாலியறுத்தாள். நான் துஷ்டிக்குப் போனேன், முறைக்கு. அவளோடு பேசி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எதனால் என்று பிறகு எழுதுவேன்.

தை 8

கண்ட்ரோல் கடைக்குச் சேலைப் பேல் வந்துவிட்டது என்று பால்காரி லட்சுமி வந்து சொன்னாள். ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கண்ட்ரோல் கடை வாசலில் அறுபது பேருக்குக் குறையாது. கடைக்காரன் நல்லபெருமாள் பேலை எங்கள் கண் முன்னால்தான் உடைத்தான்; அப்படித்தான் உடைக்க வேண்டுமாம், உத்தரவு. இரும்புப் பட்டையை வெட்டினான். சாக்கு விலகியது.

எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

கருநீலம். அதில் சிவப்புப் பூ. மேலே இருந்த சேலை அது. அடுத்ததை எடுத்தான், அதுவும் கருநீலம், அதே சிவப்புப் பூ. அடுத்தது, அடுத்தது. அடி வரைக்கும் ஒரே பூ.

"ஏய் நல்லபெருமாளு, வேற இல்லையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மில்லுல என்ன அடிக்கானோ அதான் வரும். ஒரு பேலு ஒரு பூ. கார்டுக்கு ஒண்ணு. பிடிச்சா எடு, பிடிக்கலன்னா வழிய விடு."

பண்ணையார் வீட்டம்மாவின் கார்டை அவள் வேலைக்காரி நீட்டினாள். அதே பூ. கருவாடு விற்கிற செல்லக்கனிக்கும் அதே பூ. பண்ணையார் வீட்டு வேலைக்காரி தன் கார்டையும் அடியிலிருந்து எடுத்து நீட்டினாள். அதே பூ. அவள் இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு எது எசமானியம்மாவுடையது என்று முழித்தாள். நான் சிரிக்கவில்லை. இந்த ஊரில் எந்தத் தெருக்காரி எந்தக் கரை கட்டலாம் என்பதற்கு வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் முறை வந்தது. "வெள்ளை?" என்றேன்.

"வெள்ளை வரல ஆச்சி."

"நான் எதைக் கட்ட?"

"நான் என்ன செய்யட்டும்? வெள்ளை மல்லு வந்தாத் தாறேன், வேட்டி வந்தாத் தாறேன். வந்தது இதான். வேண்டாம்னா கார்டுல கோடு போட்டிருவேன். அடுத்தது சித்திரைக்குத்தான்."

சித்திரை. உலகுவுக்கு மாசியில் ஆகிவிடும்.

பின்னாலிருந்து செல்லக்கனியின் குரல்: "வாங்கிக்கிடுங்க ஆச்சி! ஒங்களுக்கென்ன, அறுவது கூட ஆவல. சர்க்காரே மாப்ளையும் பாத்துத் தரும், அதுக்கும் கார்டு குடுப்பான்!"

எல்லோரும் சிரித்தார்கள். செல்லக்கனி, தை எட்டு. எழுதியாயிற்று.

வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் முந்தானை ஓரத்தில் ஊதா மையில் விலையை அடித்திருக்கிறது. ஆறு ரூபாய் என்னவோ அணா, அதற்குக் கீழே இங்கிலீஷில் ஏதோ. விலையைத் துணியின் உடம்பிலேயே அச்சடித்து அனுப்புகிறார்கள். டில்லியில் உட்கார்ந்திருக்கிறவன் என் முந்தானையைத் தொட்டு எழுதின மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அந்த எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

தை 9

சேலையை விரித்துப் பார்த்தேன். ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

தை 10

மறுபடி விரித்தேன். நேற்று வெளிச்சம் போதவில்லை.

இந்தப் பூ எந்தச் செடியிலும் கிடையாது. இதழ் அஞ்சு, செம்பருத்தி மாதிரி. நடுவில் மஞ்சள் பொட்டு, அது சாமந்திக்கு உண்டானது. இலை பூவரசு. மில்லில் இருக்கிறவன் செடியையே பார்த்திருக்க மாட்டான். அப்படியும் அழகாக இருக்கிறது என்று யாராவது சொல்லக்கூடும்.

ஒரு முழத்துக்குப் பதினாலு பூ.

தை 11

ஒரு யோசனை வந்தது. வண்ணார் பிச்சைக்கண்ணுவைக் கூப்பிட்டு விட்டேன்.

"இதை வெள்ளாவியில வச்சு வெளுத்துத் தா. பூவும் இருக்கக் கூடாது, நீலமும் இருக்கக் கூடாது. வெள்ளையா வரணும்."

அவன் சேலையையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "ஆச்சி, நான் அழுக்கைத்தான் எடுப்பேன். பூவை எடுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"இப்ப நான் சொல்லுதேன்."

"புதுச் சேலைய அவிக்கச் சொல்லுதியளே, மனசு வருதா?"

"எனக்கு மனசெல்லாம் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாலயே வந்து போயிட்டு. கொண்டு போ."

தை 14

கொண்டுவந்தான். நீலம் அப்படியே இருக்கிறது. முன்பு கருத்துக் கிடந்தது, இப்போது கஞ்சி போய்த் துலக்கமாகிவிட்டது. பூ முன்னைக் காட்டிலும் சிவப்பு.

"சவுட்டு மண்ணைக் கூட்டிப் போட்டு இன்னொரு அவி அவி" என்றேன்.

தை 15

இன்று வெளியே போகவில்லை. புளி உரித்தேன். வடிவு வீட்டு உருளை விடியுமுன்.

தை 18

மூன்றாவது வெள்ளாவியும் ஆயிற்று. பிச்சைக்கண்ணு சேலையைத் தலையில் வைத்துக் கொண்டுவரவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான், சாமிக்குக் கொண்டுபோகிற மாதிரி.

"ஆச்சி, என்னால ஆவாது. மூணு வெள்ளாவி. எங்க அய்யா காலத்துலருந்து இந்தத் துறையில நிக்கேன், இப்பிடி ஒரு சாயத்தைப் பாத்ததில்ல. இது சாவ மாட்டேங்கு. கல்லுல அடிச்சேன். எங்க வீட்டுக்காரி சொல்லுதா, இதைச் சோதிக்காதீங்க, ஏதோ ஒண்ணு இருக்குங்கா."

முந்தானையைத் திருப்பிக் காட்டினான். ஊதா முத்திரையும் போகவில்லை.

நான் அவனுக்கு அரிசி போட்டு அனுப்பினேன். பிறகு சேலையைக் கொடியில் போட்டேன். வெயில் பட்டதும் முற்றமே நீலமாகிவிட்டது. சுவர் மேல் அந்தச் சாயை ஆடியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், உலை கொதித்து அடுப்பு அணைகிற வரை. என்னைக் கேட்காமல் என் வீட்டுக்கு வந்து, மூன்று தடவை நெருப்பில் கிடந்து, மூன்று தடவையும் பூவாகவே திரும்பி வந்திருக்கிறது. இதை நான் என்ன செய்வது?

தை 19

எதனால் வடிவோடு பேச்சில்லை என்பதை இன்று எழுதிவிடுகிறேன்.

ரக்தாட்சி வருஷம் ஆவணியில் என் புருஷன் போனார். பதினாறாம் நாள் வடிவு என் பெட்டியைத் திறந்து கலர்ச் சேலைகளையெல்லாம் எடுத்தாள். ஒன்பது சேலை. ஒவ்வொன்றும் என்ன நிறம், என்ன கரை என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன். அதற்காக அவளோடு சண்டையில்லை. வழக்கம் அது. வேறு யாராயிருந்தாலும் செய்திருப்பார்கள்.

அந்த வருஷம் பகவதிக்குத் தலைப்பிரசவம். செங்கோட்டையில் புருஷன் வீட்டில் இருந்தாள். அவர்களும் ஒரு கார்டு போட்டார்கள். தை மாசத்தில்தான். அதிலும் "இங்கேயே ஆகட்டும்" என்று இருந்தது. நான் கிளம்பினேன். வடிவு வாசலில் வந்து நின்றாள். "அறுத்து வருஷம் திரும்பல. நீ மூலையில இருக்க வேண்டியவ. வெள்ளையோட போயி பிள்ளைத்தாய்ச்சி முன்னால நிக்கப் போறியா? ஒன் மக நல்லா இருக்கணும்னு ஒனக்கு ஆசை இல்லையா?" என்றாள். கதவைப் பூட்டினாள்.

பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்று அங்கே அவர்களுக்கு மனத்தாங்கல். வலி கண்டு ஒரு பகல் முழுக்க மருத்துவச்சியைக் கூப்பிடவில்லை. மாசி பதினொன்றாம் தேதி. எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது உலகுவை மட்டும்தான், ஒரு முறத்தில் போட்டு.

இதுதான் விஷயம்.

தை 20

கடையத்திலிருந்து இரண்டாம் கார்டு. "பதில் இல்லை. ஆகையால் இங்கேயே ஏற்பாடு செய்கிறோம்."

பஞ்சாங்கம் பார்த்தேன். இருபத்து மூன்று புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது.

தை 21

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. எனக்கு மறதி கிடையாது என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு அதை அப்படியே விட முடியாது.

வடிவு கதவைப் பூட்டவில்லை. சாத்தினாள்.

தை 22

வாசல் கதவுக்குத் தாழ்போட்டுவிட்டு அந்தச் சேலையைக் கட்டிப் பார்த்தேன். நாளைக்குக் கட்டும்போது கொசுவம் தடுக்கக் கூடாது என்பதற்காக. வெள்ளையைச் சுற்றிச் சுற்றிக் கைக்குக் கொசுவம் மறந்திருக்கும் என்று நினைத்தேன். கை மறக்கவில்லை.

பிறகு கிணற்றடிக்குப் போனேன், தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க. நிறையக் கிடக்கிறது. அடியில் ஒருத்தி நீலமாக நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள். வெறுங்கழுத்து, நெற்றியில் திருநீறு. யார் வீட்டு ஆளோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

தை 23, புதன்

இன்றைக்குக் கை வலிக்கிற வரைக்கும் எழுதுவேன்.

காலையில் குளித்துத் திருநீறு பூசி, சேலையைக் கட்டி, மடியில் கடையத்துக் கார்டைச் செருகிக்கொண்டு படியில் நின்றேன். கால் நகரவில்லை. வடிவு வீட்டுச் சன்னல் ஒரு விரல் அகலம் திறந்தது. அதைப் பார்த்ததும் கால் நகர்ந்துவிட்டது.

தெருவில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஏழெட்டுப் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். எல்லாம் வீண்.

பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடுகிற பஸ். நடத்துநர் பின்னால் நின்று அடுப்பு விசிறியைச் சுற்றிக்கொண்டே இருந்தான், பஸ் கிளம்ப முக்கால் மணி நேரம். நான் ஏறி உட்கார்ந்தேன். ஒருத்தி ஏறினாள், கருநீலத்தில் சிவப்புப் பூ. அடுத்து ஒருத்தி. அடுத்த ஊரில் இரண்டு பேர். கல்லிடைப் பக்கம் போகிற ஒரு மருமகள்காரி, மஞ்சள் தாலியோடு. ஒரு வாத்திச்சியம்மா. ஏழு பேர் ஆகிவிட்டோம். நடத்துநர் முகத்தில் கரியோடு உள்ளே எட்டிப் பார்த்துத் திகைத்துப்போனான்.

"என்ன, எல்லாரும் ஒரே கல்யாண வீடா?"

"ஆமா, சர்க்கார் வீட்டுக் கல்யாணம்" என்றாள் வாத்திச்சியம்மா. "மொய் முன்னாலயே வாங்கிட்டான். சாப்பாடுதான் போடல."

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

ஆழ்வார்குறிச்சி விலக்கில் ஒரு கிழவி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அதே பூ. வெறுங்கழுத்து. வெறும் நெற்றி. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் வெளியே பார்த்தோம். வயல், வாய்க்கால், வயல்.

"ஒங்களுக்கும் வெள்ளை இல்லன்னுட்டானா?" என்றாள் கொஞ்சம் கழித்து.

"இல்லன்னுட்டான்."

"எத்தனை வருஷம்?"

"இருவத்திரண்டரை. ஒங்களுக்கு?"

"நாப்பத்தொம்போது. எனக்குப் பத்து வயசு அப்ப."

பத்து வயதில் வெள்ளை கட்டியவள், ஐம்பத்தொன்பதில் முதல் தடவையாக ஒரு பூவை மடியில் வைத்திருக்கிறாள். உள்ளங்கையால் ஒரு பூவை நீவி விட்டாள். அது கலையவில்லை, கசங்கவுமில்லை, நீவ வேண்டிய அவசியமே இல்லை. நீவிக்கொண்டே இருந்தாள்.

"ரொம்பச் செவப்போ?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். "அளவாத்தான் இருக்கு."

அவள் இறங்கிப் போகும்போது வரப்பு மேல் நீலம் வெகுதூரம் தெரிந்தது. எங்கேயோ ஒரு ஆபீஸில் யாரோ ஒருவன், இத்தனை பேல் இந்த ஜில்லாவுக்கு என்று ஒரு காகிதத்தில் எழுதியிருப்பான். எங்களை அவனுக்குத் தெரியாது. எங்களை நினைத்து அவன் எழுதவில்லை. மழைக்கும் தெரியாது, எந்த வயலில் பெய்கிறோம் என்று.

கடையத்தில் முத்தம்மாள் கதவைத் திறந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதென்ன கோலம் அத்தை?"

"சர்க்கார் போட்ட கோலம்."

"அதுக்காக இப்பிடியா? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாக? வயித்துப் பிள்ளைக்காரிய அழைக்க வந்தவுக…"

"முத்தம்மா, வெள்ளையில வந்தா சகுனம் சரியில்லம்பிய. பூவோட வந்தா கோலம் சரியில்லங்கிய. நான் எதக் கட்டிக்கிட்டு வரணும்னு நீயே சொல்லு. கட்டிட்டு வாறேன். பிள்ளைய விட்டுட்டு மட்டும் போக மாட்டேன்."

அவள் நிலையை விட்டு விலகினாள். தயார் பண்ணி வைத்திருந்த ஏழெட்டில் ஒன்று உதவிற்று.

"யாரு வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உலகு அடுக்களையிலிருந்து வந்தாள், இடுப்பில் கை ஊன்றி, மூச்சு வாங்கி. என்னைப் பார்த்தாள். தெரியவில்லை அவளுக்கு. நான் வளர்த்த பிள்ளை, என் முகம் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து என்னை வெள்ளையில் தவிர வேறெதிலும் அவள் பார்த்ததில்லை.

"ஆச்சி?" என்றாள்.

"கிளம்பு. நாலு மணிக்கு பஸ்."

அவள் கிட்டே வந்து தோளில் இருந்த ஒரு பூவை விரலால் தொட்டாள், சுடுமோ என்று தொடுகிற மாதிரி. "எங்க அம்மைக்கு ஒங்க மூஞ்சின்னு எல்லாரும் சொல்லுவாக. எப்பிடின்னு எனக்குத் தெரிஞ்சதே இல்ல" என்றாள். பிறகு அழுதாள். பிள்ளைத்தாய்ச்சி, எதற்கெடுத்தாலும் அழுகைதான்.

ஆறு மணிக்கு வீட்டில் இருந்தோம்.

தை 24

வடிவு வீட்டுச் சன்னல் இன்றைக்கு இரண்டு விரல் அகலம்.

மாசி 8

உலகு ஒரே மூச்சில் ஆறு தோசை தின்றாள். கால் வீங்கியிருக்கிறது. மருத்துவச்சி தங்கப்பழம் வந்து வயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, திரும்பிவிடும் என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் திரும்பிவிடும் என்று சொல்கிற முகமாக இல்லை. "வலி கண்டா ஒரு ஆள் பின்னால தாங்கணும், ஒரு ஆள் காலைப் பிடிக்கணும், ஒங்களுக்கு யாரு இருக்கா ஆச்சி?" என்று கேட்டாள்.

"நான் இருக்கேன்" என்றேன்.

"நீங்க ஒரு ஆளு."

மாசி 11

ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தேதியில் ஆகாமல் போனதே போதும்.

மாசி 12

காலையில் வலி கண்டது. தங்கப்பழத்தைக் கூப்பிட லட்சுமியை அனுப்பினேன். அவள் வாய்க்கால் தாண்டி இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். லட்சுமி அங்கே ஓடினாள்.

வெயில் ஏறிற்று. உலகு கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அவள் முதுகைத் தாங்கினால் காலைப் பிடிக்க ஆளில்லை. காலுக்குப் போனால் தலை பின்னால் சாய்கிறது. என்னிடம் இருந்தது இரண்டு கை. அவள் கண் மேலே செருகியது. பகவதிக்கும் இப்படித்தான் செருகியிருக்கும். நான் பார்க்கவில்லை.

நான் எழுந்து சுவரிடம் போனேன். உள்ளங்கையால் அடித்தேன். என் வாயில் அந்தச் சொல் வருமா என்று எனக்கே தெரியவில்லை.

"அக்கா!"

மறுபடி அடித்தேன்.

"அக்கா, பிள்ளை குறுக்க கிடக்கு. மருத்துவச்சி இன்னும் வரல. எனக்கு ஆளில்ல."

சுவருக்கு அந்தப்பக்கம், கிட்டத்தில், காதுக்குப் பக்கத்தில் குரல் வந்தது. அவள் ஏற்கெனவே சுவரோரம்தான் நின்றிருக்கிறாள். எத்தனை நாளாகவோ.

"நான் எப்பிடி வருவேன் ஆவுடை? எனக்கு உடுத்த ஒண்ணுமில்ல. ரெண்டு மாசமா இருட்டுலதான் கிணத்துக்கே வாறேன். சாக்கைச் சுத்திக்கிட்டு நிக்கேன்."

"பூ வாங்கலையா நீ?"



"லட்சுமிகிட்டக் கார்டைக் குடுத்து விட்டு வாங்கினேன். பெட்டியில கிடக்கு. எனக்குத் தைரியமில்ல. நீ அன்னைக்குக் கட்டிட்டுப் போனதச் சன்னல்லருந்து பாத்தேன். எனக்கு அப்பவும் வரல."

"கட்டிட்டு வா!" என்று கத்தினேன். "கட்டிட்டு வா அக்கா, சீக்கிரம்!"

அவள் வந்தாள். கொசுவம் கோணல், முந்தானை தரையில். எழுபது வயது, நீலத்தில் சிவப்புப் பூ. வாசலில் நின்றுவிட்டாள். உலகுவைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். எழுதத் தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

"நான் அன்னைக்கு…" என்று தொடங்கினாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும். காலைப் பிடி."

பிடித்தாள். எழுபது வயதுக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்ததோ. நான் பின்னால் உட்கார்ந்து உலகுவை மார்பில் சாய்த்துக்கொண்டேன். அவள் என் முந்தானையைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தாள். மூன்று வெள்ளாவி கண்ட துணி, கிழியவில்லை.

தங்கப்பழம் ஓடி வந்தபோது வெயில் நேர் உச்சியில். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு, வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். மாவு பிசைகிற மாதிரி மெதுவாக, மிக மெதுவாகத் தள்ளினாள். வயிற்றின் மேல் ஒரு மேடு எழுந்து, நகர்ந்து, அமிழ்ந்தது. உள்ளே ஒரு ஆள் புரண்டு படுத்தது எங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

"திரும்பிட்டு" என்றாள் தங்கப்பழம். "தாயே, திரும்பிட்டு."

அதற்குப் பிறகு அரை மணி நேரம் கூட இல்லை.

பெண். அழுவதற்கு முன்னால் கண்ணைத் திறந்துவிட்டது. எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி பார்த்தது. உலகு, "உயிரோட இருக்கேனா ஆச்சி?" என்றாள். "இருக்கே. நல்லா இருக்கே" என்றேன். வடிவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அப்போதுதான் கவனித்தேன். தங்கப்பழம் கட்டியிருந்ததும் அதே பூ. அவள் கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம், காலில் மெட்டி. வடிவு, நான், அவள். அந்தச் சின்ன அறையில் எங்கே பார்த்தாலும் நீலம், எங்கே பார்த்தாலும் சிவப்பு. தங்கப்பழமும் பார்த்துவிட்டாள். தொப்புள்கொடியைக் கட்டிக்கொண்டே சிரிக்கத் தொடங்கினாள்.

"அடி கள்ளி, எவ்வளவு நேரமாப் பாக்கா பாருங்க. இதுல யாரு தாலியறுத்தவ, யாரு கட்டினவன்னு இவளுக்கு எப்பிடித் தெரியும்?"

மாசி 13

வடிவு காலையில், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயமருந்து இடித்துக் கொண்டுவந்தாள். மிளகு அதிகம். சொன்னேன். "ஒனக்கு எதுலதான் குத்தமில்ல" என்றாள். மாசி பதின்மூன்று, மிளகு அதிகம்.

முன் பக்கங்களில் எழுதின மற்றதும் அப்படியே இருக்கிறது. ஒன்றையும் நான் அழிக்கவில்லை.

மத்தியானம் தங்கப்பழம் பிள்ளையைக் குளிப்பாட்டி வடிவு மடியில் போட்டாள். வடிவு கொஞ்ச நேரம் வைத்திருந்து என் மடியில் போட்டாள். நான் தங்கப்பழத்திடம் கொடுத்தேன். பிள்ளை ஒரு தடவையும் அழவில்லை. கை மாறினது அதற்குத் தெரிந்த மாதிரியே இல்லை.